தடையைத் தாண்டும்போது யார் கண்ணில் படுகிறீர்கள்? முடக்கப்பட்ட தளங்களும் உங்கள் தனிவிவரமும்: முழு வழிகாட்டி

2017 ஆகஸ்டில் இந்தியாவில் பலருக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் திறக்காமல் போனது. திருட்டுப் படங்களை வெளியிடும் தளங்களை முடக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் தயாரிப்பாளர்கள் கொடுத்த பட்டியலில் 2,600க்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் அந்த நூலகமும் அதில் மாட்டிக்கொண்டது. 2014 டிசம்பரில் கிட்ஹப், விமியோ உட்பட 32 தளங்கள் பயங்கரவாதப் பதிவுகளைக் காரணம் காட்டிச் சில நாள் முடக்கப்பட்டன. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவை நிறுத்தப்பட்டன. கடைசித் தடையின்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தாம் விபிஎன் (நம் இணைப்பை வேறோர் இடத்து சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) வழியாகத்தான் பதிவிடுவதாக ட்விட்டரில் எழுதினார்.

இப்படித் தடை வந்த அன்று பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். பிளே ஸ்டோரில் 'ஃப்ரீ விபிஎன்' என்று தேடி, முதலில் வருவதை இறக்கி, கேட்டதற்கெல்லாம் 'சரி' கொடுப்பார்கள். தளம் திறந்துவிடும். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது அப்போது தெரியாது.

தாண்டுவது வேறு, மறைவது வேறு

உங்கள் இணைய நிறுவனத்துக்கு இப்போது என்ன தெரிகிறது? முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் (இடையில் யாரும் படிக்க முடியாத பூட்டிய இணைப்பு) உள்ள தளமானால், எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்பவை தெரியும். உள்ளே எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன கடவுச்சொல் அடித்தீர்கள் என்பவை தெரியாது. இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியாவில் 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது.

விபிஎன் போட்டதும் இணைய நிறுவனத்தின் கண்ணுக்கு விபிஎன் சர்வரின் முகவரி மட்டுமே தெரியும். ஆனால் நீங்கள் போகும் தளங்களின் பட்டியல் எங்கும் மறைந்துவிடவில்லை, விபிஎன் நிறுவனத்தின் கைக்கு மாறியிருக்கிறது. போய்ச் சேரும் தளத்துக்கோ உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்புக்குரிய எண்) மட்டும்தான் தெரியாது. குக்கீயும் (தளம் பிரவுசரில் விட்டுச்செல்லும் அடையாளக் குறிப்பு), பிரவுசரின் தனி அடையாளங்களும், நீங்களே லாகின் செய்திருந்தால் உங்கள் பெயரும் வழக்கம்போலத் தெரியும். கூகுள் கணக்கில் லாகின் செய்தபடியே விபிஎன் போட்டுக்கொண்டு தேடுவது, முகமூடி மாட்டிக்கொண்டு சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொங்கவிடுவது போலத்தான்.

ஆகவே எந்தக் கருவியைத் தொடும் முன்பும் கேட்க வேண்டிய கேள்வி: இதுவரை இணைய நிறுவனத்துக்குத் தெரிந்தது, இனி யாருக்குத் தெரியப்போகிறது? தவறுதலாக முடங்கிய ஒரு நூலகத் தளத்தைப் படிக்க நினைப்பவருக்கு டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தரும் பெயர்ப் பட்டியல்) மாற்றமே போதும். சமூக ஊடகம் முடங்கிய ஊரில் வீட்டாரைத் தொடர்புகொள்ள நினைப்பவருக்கு நல்ல விபிஎன் தேவை. செய்தியாளரோ, தன் பெயர் வெளியே வந்தால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவரோ டார் (இணைப்பைப் பல கணினிகள் வழியாக அனுப்பி ஆளை மறைக்கும் வலைப்பின்னல்) பக்கம் போக வேண்டும். மூவருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் முதலாமவருக்கு வீண் தொல்லை, மூன்றாமவருக்கு ஆபத்து.

சட்டம் பற்றி ஒரு சொல். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் காஷ்மீரில் 2020 பிப்ரவரியில் விபிஎன் வழியாகச் சமூக ஊடகம் பயன்படுத்தியவர்கள் மீது ஸ்ரீநகர் சைபர் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ பொய் ஐபி முகவரி பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், சிறையும் உண்டு. துபாயிலிருந்து ஊருக்கு வீடியோ கால் பேச மட்டுமே விபிஎன் தேடுகிறவர், அங்கே உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலியைப் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

படி 1: என்ன வகைத் தடை என்று பாருங்கள்

ஐந்து நிமிட வேலை. அதே தளத்தை வீட்டு பிராட்பேண்டிலும், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் மொபைல் டேட்டாவிலும் திறந்து பாருங்கள். ஒன்றில் திறந்து மற்றதில் திறக்காவிட்டால் தடை நிறுவன அளவில் இருக்கிறது. எதிலும் திறக்காவிட்டால், தளமே படுத்துவிட்டதா என்பதை வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் கருவி மேல் கருவியாக இறக்கி நொந்துபோனவர்கள் ஏராளம்.

பிரவுசர் காட்டும் பிழையும் துப்புக் கொடுக்கும். 'அரசு ஆணைப்படி முடக்கப்பட்டது' என்ற பக்கம் வந்தாலோ, தளத்தின் முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தாலோ, பெரும்பாலும் டிஎன்எஸ் தடை. இணைய நிறுவனத்தின் பெயர்ப் பட்டியல் உங்களுக்குப் பொய் முகவரியைக் கொடுக்கிறது. சொடுக்கிய உடனே 'இணைப்பு மீட்டமைக்கப்பட்டது' என்று வந்தால், பாதுகாப்பான இணைப்பின் முதல் வணக்கத்தில் திறந்த வடிவில் போகும் தளப்பெயரைப் படித்து அறுக்கிறார்கள். எஸ்என்ஐ தடை என்பது இதுதான். அரை நிமிடம், ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றி நின்றுபோனால் ஐபி முகவரியையே அடைத்திருக்கக்கூடும்.

தடைகளை அளக்க ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலி இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அது பல சர்ச்சைக்குரிய தளங்களையும் உங்கள் இணைப்பிலிருந்தே தட்டிப்பார்க்கும், முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும். கண்காணிப்பு கடுமையான இடத்தில் இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

படி 2: டிஎன்எஸ் மாற்றம்

ஆண்ட்ராய்ட் 9 முதல் வந்த எல்லா போன்களிலும் 'பிரைவேட் டிஎன்எஸ்' உண்டு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் இருக்கும். சாம்சங் போனில் 'கனெக்‌ஷன்ஸ்' உள்ளே 'மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்' என்பதில் ஒளிந்திருக்கும். அங்கே மூன்றாவது தேர்வைத் தொட்டு, சேவையின் பெயரைக் கொடுக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் ஏற்காது, பலர் 1.1.1.1 என்று அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். கிளவுட்ஃப்ளேர் சேவைக்கு 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, நடுவில் புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அடித்தால் போதும்.

கணினியில் ஃபயர்பாக்ஸ் வைத்திருப்போர் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்பதைத் தேடி, 'மேக்ஸ் ப்ரொடெக்‌ஷன்' தேர்ந்தெடுங்கள். குரோமில் 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்' என்பது இயல்பாகவே இயங்கும். ஆனால் அதில் 'தற்போதைய சேவையாளர்' என்று இருந்தால் தளத்தின் முகவரி என்ன என்ற கேள்வி இன்னும் உங்கள் இணைய நிறுவனத்துக்கே போகிறது. வேறொரு சேவையை நீங்களே தேர்ந்தெடுத்தால்தான் பயன்.

எந்தச் சேவை? கூகுளின் 8.8.8.8 உங்கள் முழு ஐபி முகவரியை 24 முதல் 48 மணி நேரம் வரை வைத்திருக்கும். 9.9.9.9 எண்ணில் இயங்கும் குவாட்9, சுவிட்சர்லாந்தில் பதிவான லாபநோக்கற்ற அமைப்பு. கேட்பவரின் ஐபியைச் சேமிப்பதில்லை என்கிறது. வைரஸ் பரப்பும் தளங்களையும் தடுக்கிறது. சந்தேகம் இருந்தால் குவாட்9 எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்என்ஐ தடைக்கு இது மட்டும் போதாது. தளப்பெயரையும் மூடி அனுப்பும் ஈசிஎச் என்ற முறை 2023 முதல் ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் இருக்கிறது. ஆனால் தளமும் அதை ஆதரிக்க வேண்டும். கிளவுட்ஃப்ளேர் பின்னால் இருக்கும் தளங்களில் சில இதனாலேயே திறந்துவிடும். ரஷ்யா 2024 நவம்பரில் இந்த முறையையே அடைக்கத் தொடங்கியதிலிருந்து அதன் பலம் தெரியும். இந்தப் படியில் உங்கள் ஐபி முகவரி எங்கும் மறைவதில்லை என்பதை மறக்க வேண்டாம். தளத்துக்கு நீங்கள் யார் என்பது அப்படியே தெரியும்.

படி 3: விபிஎன் தேர்வு

ஆற அமரப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

இலவச விபிஎன்களின் வரலாறு நல்லதாக இல்லை. ஹோலா என்ற செயலி தன் இலவசப் பயனர்களின் இணைப்பையே வேறு வாடிக்கையாளர்களுக்கு வாடகைக்கு விட்டது 2015இல் அம்பலமானது. ஃபேஸ்புக் நடத்திய ஒனாவோ ப்ரொடெக்ட், பயனர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அளந்தது. ஆப்பிள் வற்புறுத்தியதால் 2018இல் ஆப் ஸ்டோரிலிருந்து அது நீங்கியது. பதிவே வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த யுஎஃப்ஓ விபிஎன்னும் அதனோடு தொடர்புள்ள சில செயலிகளும் 2020 ஜூலையில் பயனர் பதிவுகளைக் கடவுச்சொல் போடாத சர்வரில் திறந்துவைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாவற்றையும்விடக் கொடுமை 911 எஸ்5 என்ற குற்ற வலைப்பின்னல். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷைன்விபிஎன் போன்ற இலவசச் செயலிகளை நிறுவியவர்களின் கணினிகள் குற்றவாளிகளுக்கு வாடகைக்குப் போயின. 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை அதை உடைத்தபோது 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. உங்கள் வீட்டு ஐபியிலிருந்து யாரோ ஒருவர் மோசடி செய்தால் போலீஸ் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை.

'நோ லாக்ஸ்' (பதிவு வைப்பதில்லை) என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சோதனை வந்தபோது என்ன ஆனது என்று பாருங்கள். 2011இல் ஹைட்மைஆஸ் என்ற விபிஎன் நிறுவனம் ஒரு ஹேக்கரின் இணைப்புப் பதிவை நீதிமன்ற ஆணைக்குக் கொடுத்தது. பதிவு வைப்பதில்லை என்ற ப்யூர்விபிஎன் கொடுத்த விவரம் 2017இல் அமெரிக்க வழக்கொன்றில் வெளிவந்தது. மாறாக 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் சோதனை வாரண்டோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், எடுத்துச் செல்ல எதுவும் இல்லாமல் திரும்பியது. அந்த நிறுவனம் மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை. 16 இலக்கக் கணக்கு எண் ஒன்றைத் தரும், மாதம் 5 யூரோ, உறையில் பணத்தாள் வைத்து அனுப்பினாலும் ஏற்கும். பணம் கட்ட முடியாதவர்களுக்கு ப்ரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம் பரவாயில்லை. கட்டணப் பயனர்கள் தாங்கும் சேவை அது, டேட்டா வரம்பும் இல்லை. வேகமும் நாடுகளும் குறைவு, அவ்வளவே.

இந்தியாவில் உள்ள சர்வர்களைத் தவிர்க்கவும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட விதியின்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி, பயன்படுத்தும் நோக்கம் ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இதனால்தான் தங்கள் இந்திய சர்வர்களையே எடுத்துவிட்டன. சிங்கப்பூர் சர்வர் தமிழ்நாட்டிலிருந்து பொதுவாக வேகமாக இருக்கும். அதையே முதலில் முயன்று பாருங்கள்.

செயலியை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ, பிளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். டெலிகிராம் குழுவில் 'பிரீமியம் கிராக்' என்று சுற்றும் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்ட் செயலியை நிறுவும் கோப்பு) வேண்டவே வேண்டாம். விபிஎன் செயலிக்குத் தேவைப்படுவது இணைப்பை ஏற்படுத்தும் ஒரே ஓர் அனுமதி. எஸ்எம்எஸ், தொடர்புப் பட்டியல், இருப்பிடம், அக்செசிபிலிட்டி என்று கேட்டால் அன்றே அழித்துவிடுங்கள். தடை வரும் முன்பே நிறுவி வைப்பதும் முக்கியம். 2025 தொடக்கத்தில் அரசு ஆணையால் சில விபிஎன் செயலிகள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. தேவைப்படும் நாளில் தேடினால் போலிகள்தான் முன்னால் வந்து நிற்கும்.

படி 4: அமைப்புகள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நெட்வொர்க், விபிஎன் என்று போய், செயலியின் பெயருக்கு அருகில் உள்ள பற்சக்கரத்தைத் தொடுங்கள். 'ஆல்வேஸ்-ஆன் விபிஎன்', 'பிளாக் கனெக்‌ஷன்ஸ் வித்தவுட் விபிஎன்' இரண்டையும் இயக்குங்கள். விபிஎன் அறுந்தால் போன் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும். இரண்டாவது பொத்தான் அதைத் தடுக்கும். கணினியில் இதன் பெயர் 'கில் சுவிட்ச்'.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் வெளிநாட்டு ஐபியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கும், சில நேரம் கணக்கையே பூட்டிவிடும். அதனால் அவற்றை விபிஎன்னிலிருந்து விலக்கினால், அந்த இரண்டாவது பொத்தான் விலக்கிய செயலிகளுக்கு இணையமே இல்லாமல் செய்துவிடும். இரண்டும் ஒன்றாக ஓடாது. இதற்கு நல்ல தீர்வு தனி ப்ரொஃபைல். எஃப்-ட்ராய்ட் களஞ்சியத்தில் கிடைக்கும் ஷெல்டர் என்ற செயலி போனில் ஒரு பணி ப்ரொஃபைலை உருவாக்கும். ஆண்ட்ராய்டில் விபிஎன் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனி. விபிஎன்னையும் ஒரு ஃபயர்பாக்ஸையும் அதற்குள் போட்டுவிட்டு, வங்கியை வெளியே விடுங்கள். இரண்டு வாழ்க்கையும் ஒன்றையொன்று தொடாது. குக்கீ கலப்பதும் இதோடு நின்றுவிடும்.

ஐபோனில் விபிஎன் போடும் முன்பே திறந்திருந்த சில இணைப்புகள் பழைய வழியிலேயே தொடரும் என்பதை 2020இல் ப்ரோட்டான் வெளிப்படுத்தியது. விபிஎன் இணைந்ததும் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் பெரும்பாலானவை உள்ளே வந்துவிடும்; முழு உத்தரவாதம் இல்லை.

ஹாட்ஸ்பாட்டில் பலர் ஏமாறுகிறார்கள். ஆண்ட்ராய்டில் போனின் விபிஎன், அந்த ஹாட்ஸ்பாட்டில் இணையும் லேப்டாப்புக்குப் பொதுவாகப் பொருந்தாது. லேப்டாப்பில் தனியாகப் போட வேண்டும். அதேபோல் பிரவுசர் நீட்சியாக வரும் 'விபிஎன்' அந்தப் பிரவுசரை மட்டுமே காக்கும். பக்கத்தில் ஓடும் டெலிகிராம் வழக்கமான வழியில்தான் போய்க்கொண்டிருக்கும்.

படி 5: கசிவு பார்த்தல்

விபிஎன் இல்லாமல் ஓர் ஐபி சோதனைத் தளத்தைத் திறந்து, காட்டும் ஐபிவி4, ஐபிவி6 முகவரிகளையும் (ஐபி முகவரியின் பழைய, புதிய வடிவங்கள்), டிஎன்எஸ் சர்வர்களின் பெயர்களையும் தாளில் எழுதுங்கள். பிறகு விபிஎன் போட்டு அதையே மறுபடி பாருங்கள். தாளில் உள்ள எதுவும் திரையில் வரக்கூடாது.

நம் ஊரில் அடிக்கடி கசிவது ஐபிவி6. ஜியோ போன்ற மொபைல் வலைப்பின்னல்கள் பெரும்பாலும் ஐபிவி6இல்தான் ஓடுகின்றன. மட்டமான விபிஎன்கள் ஐபிவி4ஐ மட்டுமே தங்கள் மூடிய பாதையான சுரங்கத்தில் அனுப்பும். 'நெதர்லாந்து' என்று மேலே கொட்டை எழுத்தில் காட்டும், கீழே உங்கள் ஐபிவி6 முகவரி அப்படியே நிற்கும். அந்தச் செயலியைத் தூக்கிவிட்டு வேறு பாருங்கள். இரண்டாவது, டிஎன்எஸ் கசிவு: உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் பட்டியலில் வந்தால் கசிகிறது. படி 2இல் வைத்த பிரைவேட் டிஎன்எஸ்ஸின் பெயர் வந்தால் அது கசிவில்லை, கேள்வி சுரங்கத்தின் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் மற்ற விபிஎன் பயனர்களிடமிருந்து நீங்கள் தனித்துத் தெரிவீர்கள். விபிஎன் ஓடும் நேரத்தில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குவதே நல்லது. மூன்றாவது, வீடியோ அழைப்புக்கான வெப்ஆர்டிசி. யுபிளாக் ஆரிஜின் நீட்சியின் அமைப்பில் உள்ளூர் ஐபி கசிவதைத் தடுக்கும் பெட்டி இருக்கிறது, டிக் செய்யுங்கள்.

கடைசியாக, சோதனைத் தளம் திறந்திருக்கும்போதே வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். பக்கத்தை உடனே புதுப்பியுங்கள். விபிஎன்னுடையது அல்லாத ஐபி ஒரு நொடி எட்டிப்பார்த்தாலும் கில் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று பொருள். ரயில் பயணத்தில் இப்படி மாறி மாறி இணைவது சகஜம் என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

படி 6: டார்

டார் பிரவுசர் உங்கள் இணைப்பை மூன்று கணினிகள் வழியாக அனுப்புகிறது. முதலாவதுக்கு உங்களைத் தெரியும், நீங்கள் போகும் இடம் தெரியாது. மூன்றாவதுக்கு இடம் தெரியும், உங்களைத் தெரியாது. விபிஎன்னில் ஒரே நிறுவனத்துக்கு இரண்டும் தெரியும்.

டார் ப்ராஜெக்ட்டின் தளத்திலிருந்து இறக்குங்கள். ஆண்ட்ராய்டுக்கு அதே பெயரில் செயலி உண்டு, ஐபோனுக்கு ஆனியன் பிரவுசர். இணையாவிட்டால் 'கனெக்‌ஷன்' பக்கத்தில் 'பிரிட்ஜ்' (டாருக்குள் நுழையும் மறைவான வாசல்) போடலாம். முதலில் ஸ்னோஃப்ளேக், சரிவராவிட்டால் ஓபிஎஃப்எஸ்4. ஸ்னோஃப்ளேக் வீடியோ அழைப்பைப் போல வேடமிட்டுப் போகும், வேகம் மட்டும் ஏறி இறங்கும்.

செய்யக்கூடாதவை: கூடுதல் நீட்சிகள் போடுவது, டாரன்ட் இறக்குவது, இறக்கிய பிடிஎஃப், வேர்டு கோப்புகளை இணையத்தோடு இருக்கும்போதே திறப்பது, சொந்தப் பெயரில் உள்ள கணக்கில் லாகின் செய்வது. எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் கடவுச்சொல் அடிக்கவே கூடாது. 2007இல் டான் எகெர்ஸ்டாட் என்ற ஸ்வீடன்காரர் டார் வழியின் கடைசிக் கணினிகளில் ஐந்தை நடத்தியே பல தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பிடித்தார்.

டார் பயன்படுத்துகிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போலி வெடிகுண்டு மிரட்டல் வந்தது, டார் வழியாக அனுப்பப்பட்டது. விசாரித்தவர்கள் டாரை உடைக்கவில்லை; அந்த நேரத்தில் வளாக வைஃபையில் டார் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தார்கள், ஆள் கிடைத்துவிட்டார். நியாயமான காரணத்துக்காக மறைய வேண்டியவருக்கும் இதில் பாடம் உண்டு. அலுவலக வைஃபையிலோ, கல்லூரி வைஃபையிலோ டார் திறக்கும் ஒரே ஆளாக நீங்கள் இருந்தால், மறைப்பே அடையாளமாகிவிடும்.

மற்ற வழிகள், சுருக்கமாக

முகவரியைப் பெட்டியில் அடித்தால் திறந்துகாட்டும் வலை ப்ராக்ஸிகள்: படிக்க மட்டும். அங்கே அடிக்கும் ஒவ்வோர் எழுத்தையும் நடத்துபவர் பார்க்க முடியும். திருட்டுத் தளங்களின் 'மிரர்' (நகல்) முகவரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாதி பொறி.

சைஃபன் என்ற செயலி: தடை கடுமையான இடங்களிலும் பெரும்பாலும் திறக்கும், ஆனால் தாண்டவைப்பதற்கே செய்யப்பட்டது. மறைக்கும் கருவி என்று எண்ணிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் 2023 ஜனவரி முதல் ப்ராக்ஸி வசதி இருக்கிறது. 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்பதற்குள் இருக்கும். செய்தியை ப்ராக்ஸிக்காரர் படிக்க முடியாது, உங்கள் ஐபி மட்டும் அவருக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் நடத்தினால் நிம்மதி. அவுட்லைன் என்ற மென்பொருளும் இதே மாதிரிதான். அண்ணனோ மச்சானோ கனடாவில் ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுத்து, ஊரில் உள்ள குடும்பத்துக்குச் சாவியை அனுப்பலாம். ஆனால் அந்த சர்வர் ஐபியைப் பயன்படுத்துவது உங்கள் குடும்பம் மட்டுமே என்பதால் கூட்டத்தில் மறையும் வசதி கிடையாது.

'இந்தச் சான்றிதழை நிறுவினால்தான் இணையம் வரும்' என்று யார் சொன்னாலும் நிறுவாதீர்கள். கஜகஸ்தானில் 2019இல் அரசு இப்படி ஒரு சான்றிதழை மக்களின் கருவிகளில் போடச் சொன்னது. அது இருந்தால் எச்டிடிபிஎஸ் உள்ளேயும் படிக்கலாம். கூகுள், மோசில்லா, ஆப்பிள் மூன்றும் அதைத் தங்கள் பிரவுசர்களில் முடக்கின. உங்கள் போனில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு அமைப்புகளில் 'யூசர் சர்டிஃபிகேட்ஸ்' என்பதைத் திறவுங்கள். சாதாரண போனில் அது காலியாக இருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த போனில் அலுவலகத்தின் சான்றிதழ் இருக்கக்கூடும். அந்த போனில் எந்த விபிஎன்னும் உங்கள் தனிவிஷயத்தைக் காக்காது.

வேலை செய்யாதபோது

இணைந்துவிட்டது, ஆனால் பக்கங்கள் பாதியில் நிற்கின்றன: வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பு முறையில் தரவுப் பொட்டலத்தின் அளவு மொபைல் வலைப்பின்னலுக்குப் பெரிதாக இருக்கலாம். அமைப்பில் எம்டியு என்ற எண்ணை 1420லிருந்து 1280 ஆக்குங்கள்.

இணையவே இல்லை: வயர்கார்டின் கையெழுத்து எளிதில் தெரிவதால் முதலில் அடைபடும். செயலியின் அமைப்பில் ஓபன்விபிஎன் என்ற இன்னொரு முறைக்கு மாறி, டிசிபி, போர்ட் 443 என்று வையுங்கள். வேகம் குறையும், ஆனால் மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண எச்டிடிபிஎஸ் போலத் தெரியும். செயலியில் 'ஸ்டெல்த்' என்ற தேர்வு இருந்தால் அதையும் முயலலாம்.

ஒவ்வொரு தளமும் 'நீங்கள் ரோபோவா' என்று கேட்கிறது: அந்த ஐபியை ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். சர்வரை மாற்றுங்கள். எரிச்சலில் விபிஎன்னை அணைத்து அதே பிரவுசரில் அதே தளத்தைத் திறந்தால் உங்கள் உண்மை ஐபியும் விபிஎன் ஐபியும் ஒரே குக்கீயில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அணைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் அந்தப் பிரவுசரின் குக்கீகளை அழித்துவிடுங்கள்.

இணையமே முழுதாக நிறுத்தப்பட்டிருக்கிறது: எந்த விபிஎன்னும் பயன்படாது, ஓடுவதற்குப் பாதையே இல்லை. அந்த நேரத்தில் 'ஆஃப்லைன் விபிஎன்' என்று ப்ளூடூத்தில் யாராவது அனுப்பும் கோப்பைத் திறக்காமல் இருங்கள்.